கோபுரத்தைக் கண்டால் இழுக்காத வான்

குடாவைப் பார்த்தபடி மலையொன்றில் நிற்கும் கம்பிக் கோபுரம்தான் அந்த வானின் எஞ்சினைக் களைக்கப் பண்ணுகிறது என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிழமைக்கணக்கில் நம்பினேன். டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே தலைமயிர் கொட்டியவன், துறைமுகத்தில் ஒரு கம்பனியின் கராஜில் மூத்த மெக்கானிக் என்று சட்டையில் அட்டை குத்திக்கொண்டு திரிந்தவன், ஒரு கோபுரம் பழைய வானைப் பிடித்து நிறுத்துகிறது என்று நம்பி, அதற்கு மருந்தும் செய்தேன். மருந்து என்னவென்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.

இதை எழுத வைத்தவள் தர்ஷினி. முதுகு இனி ஏலாது என்று சொல்லி நான் வேலையை விட்டு வந்த பிறகு, கராஜில் என் இடத்துக்கு வந்தவள். இப்போது அங்கே ஸ்கானர் வந்துவிட்டது. வாகனத்தில் கொழுவினால் எங்கே நோகிறது என்று வாகனமே எழுதிக் காட்டுமாம். போன் எடுத்து, கராஜ் ஆட்களின் வட்ஸ்அப் குழுவுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். "இது இல்லாத காலத்தில நீங்கள் எப்படிப் பழுது பிடிச்சனீங்கள் எண்டு எழுதுங்கோ அண்ணே." பிடித்த கதைகளைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள். என்னிடம் நினைவில் நிற்பவை எல்லாம் பழுது என்னைப் பிடித்த கதைகள்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லிங்கநகரில் வீடு. படிப்பு ஓடவில்லை, நாங்கள்தான் ஓடினோம், அகதி முகாமுக்கும் ஊருக்குமாக. பிறகு கராஜில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் மண்ணெண்ணெயில் உதிரிகளைக் கழுவினேன். மூன்றாம் வருடம் மற்றவன் கழுவுவதைப் பார்த்துப் பிழை சொன்னேன். அதற்குப் பெயர் பதவி உயர்வு.

எங்கள் போர்மன் மஜீத் நானா, கிண்ணியாக்காரர். வெள்ளைச் சேட்டோடு கராஜுக்கு வருகிற ஒரே மனிதர். பின்னேரம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். அவர் வேலை செய்வதில்லை என்பது எங்கள் குற்றச்சாட்டு. வேலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார் என்பது உண்மை.

அவருக்கு ஒரு முறை இருந்தது. பழுது என்று வாகனம் வந்தால் ஒருவரும் பொனட்டைத் தூக்கக்கூடாது. முதலில் சாரதிக்கு ஒரு கதிரை, பிறகு ஒரு பிளேன்டீ. சாரதி குடித்து முடிக்கும்வரை நானா வாயே திறக்க மாட்டார். பிறகு, வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் சுகம் விசாரிப்பதுபோலக் கேட்பார்.

"வருத்தம் எப்ப வருது எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. எப்ப மாறுது எண்டு சொல்லுங்க."

சாரதிமார் முழிப்பார்கள். தானாக மாறிச் சுகமாவதை எவன் கவனிக்கிறான்? நானா விடமாட்டார். நின்றது, பிறகு ஓடியது. இரண்டுக்கும் நடுவில் யார் எதைத் தொட்டது, எதைத் திறந்தது, எங்கே போய் மூத்திரம் பெய்தது என்பதுவரை கேட்பார். பிறகு எழுந்துபோய் வாகனத்தை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு வருவார். குழாய், கிளிப், மூடி, பில்டர். எஞ்சின் கடைசியில். எஞ்சினைத் தொடுவது வெட்கக்கேடு என்பதுபோல அவருக்கு.

ஒருமுறை துறைமுக ஜெட்டியில் சீமெந்து ஏற்றும் லொறியொன்று ஏற்றத்தில் இழுவை இல்லாமல் தவித்தது. நானா லீவு. நான் மூத்தவன். காலையிலேயே இன்ஜெக்டர்களைக் கழற்றி, சாக்கை விரித்து, வரிசையாக வைத்துவிட்டேன். மறுநாள் நானா வந்து அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுகளை வெயில்ல காயப் போட்டிருக்கிறீங்களா, ரவி?"

பிறகு சாரதிக்குக் கதிரை, பிளேன்டீ. நிழலில் விட்டுச் சோறு தின்றுவிட்டு வந்தால் லொறி நன்றாக இழுக்கிறது என்றான் சாரதி. என்னைக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுவித்து, எஞ்சினைச் சூடாக்கி முறுக்கச் சொல்லி, காற்று உள்ளே போகும் றப்பர் குழாயில் நானா கையை வைத்தார். குழாய் தட்டையாகி ஒட்டிக்கொண்டது. பழைய றப்பர், சூட்டில் இளகி, உறிஞ்சும்போது வாயை மூடிக்கொள்கிறது, ஆறினால் திறக்கிறது. குழாயை மாற்றினோம். கன நாளைக்குக் கராஜில் யார் எதைக் கழற்றினாலும் மற்றவர்கள் "வெயில் காணுமா?" என்று கேட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த வானிடம் போனேன்.

கட்டைபறிச்சான், மூதூர்ப் பக்கத்துச் சனங்கள் சேர்ந்து ஓட்டுகிற வான் அது. டொல்பின் என்று சொல்லுவோமே, அந்தப் பழைய டீசல் வான். வயது கேட்டால் அதற்கே கோபம் வரும். சிறுநீரகம் பழுதானவர்களை இரத்தம் சுத்திகரிக்கத் திருகோணமலைக்கு ஏற்றிக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. சாரதி ஜவாத், மூதூர்ப் பொடியன், கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைகள். என் தங்கச்சியின் மாமியாரும் ஒரு காலம் அதில் போய்வந்தவர். அந்தப் பழக்கத்தில் சனிக்கிழமைகளில் வான் லிங்கநகரில் என் வாசலுக்கு வரும். நான் காசு வாங்குவதில்லை. புத்திமதி சொல்வேன். அது அவர்களுக்குக் காசைவிடச் செலவாக இருந்திருக்கும்.

எரிபொருள் வரிசைகள் ஓய்ந்து, பழையபடி டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய நேரம். அப்போதுதான் வான் களைக்கத் தொடங்கியது. மூதூரில் டீசல் தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் கிண்ணியாவரை குதிரை. பாலத்தைத் தாண்டிக் குடா வளைகிற இடத்துக்கு வந்ததும் மெல்ல மெல்ல இழுவை விடும். மிதித்தாலும் முறுக்காது. பிறகு நின்றேவிடும். கொஞ்சம் நின்றால் ஓடும். பிறகு ஆஸ்பத்திரிவரை ஒரு பிரச்சினையும் இல்லை. என் வாசலில் அது நல்ல பிள்ளை. டீசல் பில்டரை மாற்றினேன். தண்ணீர் பிரித்தேன். தாங்கியின் மூடியைத் திறந்து வைத்து, குழாய் வழியே காற்றடித்துப் பார்த்தேன், அடைப்பில்லை. நிலாவெளிவரை ஓட்டிப் பார்த்தேன், பறந்தது.

பழுது எப்போதும் ஒரே இடத்தில். நான் ஒருநாள் அந்த இடத்தில் இறங்கி நின்று நாலு பக்கமும் பார்த்தேன். கடல், பற்றை, மலை. மலையில் கோபுரம்.

யாருடைய கோபுரம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வயதுக்காரருக்கு அது தேவையும் இல்லை. உயரத்தில் எது நின்றாலும் அது எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பது எங்கள் எண்ணம். அந்தத் தெருவில் எத்தனை வருடம் சோதனைச் சாவடிகளில் இறங்கி, நடந்து, பையைத் திறந்து காட்டி, ஏறிப் போயிருப்போம். அந்தப் பயம் உடம்பில் எங்கேயோ மிச்சம் கிடந்து, வான் நின்றதும் எழும்பிவிட்டது. அந்தப் பயத்துக்கு நான் தொழில் அறிவால் சட்டை தைத்துப் போட்டேன். டீசல் பம்பில் ஒரு சின்ன மின்வால்வு உண்டு. கரண்ட் வந்தால் டீசலுக்கு வழி விடும், போனால் மூடும். கோபுரத்திலிருந்து வரும் அலை அந்த வால்வைக் குழப்புகிறது. எப்படி? எப்படி என்றெல்லாம் கேட்காதீர்கள். அதே தெருவில் நூறு வாகனம் ஓடுகிறதே? அவை புதியவை, இது பழசு. எல்லாக் கேள்விக்கும் என்னிடம் மறுமொழி இருந்தது. புத்தியுள்ளவன் பயந்தால் அதுதான் கரைச்சல்.

மருந்து இதுதான்: கொத்துரொட்டிக் கடையில் பார்சல் சுற்றும் அலுமினியத் தாள் வாங்கி, அந்த வால்வைச் சுற்றிக் கட்டினேன். அலை உள்ளே போகாதாம். ஜவாத் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணன், பார்சல் மாதிரி இது பழுதாகாம சூடா இருக்குமா?"

நான் சிரிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வான் ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்று மூதூர் எரிபொருள் செட்டில் சனமென்று ஜவாத் கிண்ணியாவில் டீசல் போட்டதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கதிரையும் இல்லை, பிளேன்டீயும் இல்லை. சாரதியிடம் கேட்டு வேலை செய்கிற நிலையைத் தாண்டியவன் அல்லவா நான்.

வெள்ளிக்கிழமை வான் மறுபடி களைத்தது. மறுநாள் சனிக்கிழமை தாளை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். மனது கேளாமல், அன்றே, கன காலமாகச் செத்துக் கிடந்த டீசல் மீற்றரையும் திருத்திக் கொடுத்தேன். அதுவரை ஜவாத் தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு தடியை விட்டுத்தான் டீசல் அளவு பார்ப்பான். வான் களைத்து நின்றாலும் முதலில் அதைத்தான் செய்வான். இனி அந்தச் சிரமம் இல்லை. நானும் ஒரு நன்மை செய்தேன் என்று இருந்தது.

வந்த செவ்வாய்க்கிழமை வான் பாலம் தாண்டி நின்றது, நின்றதுதான். கன நேரம் ஓடவேயில்லை. மீற்றர் நிறைய டீசல் காட்டியது. ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, வானில் வருகிற செல்வராணி அக்காவின் முறை போய்விட்டது. இயந்திரத்தில் வேறு ஆள். அன்று சுத்திகரிக்காமலே அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

செல்வராணி அக்காவுக்கு ஊர் கட்டைபறிச்சான். வயல் செய்தவர். நகைச்சுவைக்காரி. கிழமைக்கு இரண்டு முறை இயந்திரத்தில் இருந்தால்தான் அவருடைய உடம்பில் தண்ணீர் கட்டாது. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறும். இரண்டு முறை தவறினால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஜவாத் போனில் சொன்ன தொனியிலேயே விளங்கியது.

நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? கோபுரத்தில் கரண்டைக் கூட்டிவிட்டார்கள் என்று.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மூதூருக்குப் போய் நானும் வானில் ஏறினேன். மடியில் ஸ்பானர் பை, அதற்குள் ஒரு முழுச் சுருள் அலுமினியத் தாள். அக்கா பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம். முகம் ஊதி, கண் சிறுத்திருந்தது.

"மெக்கானிக்கும் வாறாரா? அப்ப வான் நிக்கிறது நிச்சயம்," என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

பாலம் தாண்டினோம். வளைவு. வான் இழுவை விட்டது. இருமியது. தெருக்கரையில் நின்றது.

நான் பாய்ந்து இறங்கினேன். எஞ்சினை மூடியிருக்கும் முன்சீட்டைத் தூக்கி, தாளைப் பிய்த்து எறிந்து, புதிதாகச் சுற்றினேன். ஓடவில்லை. பில்டருக்கு மேலே கையால் அமுக்கி டீசல் ஏற்றும் பம்ப் இருக்கிறதே, அதை அமுக்கினேன். அமுக்கிய குமிழ் கீழேயே நின்றுவிட்டது, மேலே எழவில்லை. எந்த மெக்கானிக்குக்கும் அது போதும்; பின்னாலிருந்து ஏதோ இழுத்துப் பிடிக்கிறது என்று அந்தக் குமிழ் வாய்விட்டுச் சொல்கிறது. நான் அதைப் பார்த்து, "பம்பும் போச்சுது" என்றேன். மஜீத் நானாவுக்குப் போன் அடித்தேன். ஜும்ஆத் தொழுகை நேரம், போன் அணைத்திருந்தது. தெரிந்த ஓட்டோக்காரனுக்கு அடித்தேன். அவனும் பள்ளிவாசலில். அம்புலன்சுக்கு அடித்தால் வேறு ஓட்டத்தில் நிற்கிறது, வரச் சுணங்கும் என்றார்கள். தெருவில் ஒரு வாகனம் இல்லை.

"அண்ணன், அக்காட மூச்சுச் சத்தம் கேக்குதா?" ஜவாத் என் காதோடு கேட்டான்.

கேட்டது. வேகவேகமாக, மேலாலே மட்டும் எடுக்கிற மூச்சு. நான் கோபுரத்தைப் பார்த்தேன். அந்த நேரம் அதன் அடிக்குப் போய்க் கும்பிட்டுக் கேட்டிருப்பேன், வழி தெரிந்திருந்தால். ஐம்பதைத் தாண்டியவன், கையில் சோற்றுப் பார்சல் தாளோடு, நடுத்தெருவில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அழுகைதான் வந்தது, அதையும் வியர்வை என்று துடைத்தேன்.

அக்கா யன்னலால் கை காட்டிக் கூப்பிட்டார். அவருக்கு ஏதோ செய்கிறது என்று ஓடினேன்.

"தம்பி, இண்டைக்கும் தடி விட்டுப் பாக்கேல்லையோ?"

"எந்தத் தடி அக்கா?"

"டீசல் பாக்கிற தடி. அதை விட்டாத்தானே இது ஓடும்."

இப்போது மீற்றர் வேலை செய்கிறது, டீசல் நிறைய இருக்கிறது, தடி தேவையில்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவர் மூச்சு எடுக்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்:

"மீற்றர் வேலை செய்யத் தொடங்கினாப் பிறகுதானே தம்பி வான் வேலை செய்யேல்ல. முந்தியும் நிண்டதுதான். ஜவாத் இறங்கித் தடிய விட்டெடுப்பார், வெளிக்கிட்டிரும். செவ்வாய்க்கிழமை விடேல்ல. இண்டைக்கும் விடேல்ல."

வருத்தக்காரர், பாவம், தடிக்கும் எஞ்சினுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்று நினைத்தேன். வால்வுக்கு வெள்ளித்தாள் சுற்றிய நான் அப்படி நினைத்தேன். அவரைச் சமாளிக்க ஜவாத்துக்குக் கண் காட்டிவிட்டு, நான் பம்படிக்குத் திரும்பினேன். அவன் போய், பக்கவாட்டில் இருந்த தாங்கி மூடியைத் திருகினான்.

மூடி இளகியதும் ஒரு சத்தம் வந்தது. நீளமான, உள்ளே இழுக்கிற சத்தம். தண்ணீருக்குள் கன நேரம் இருந்தவன் மேலே வந்து எடுக்கிற மூச்சு மாதிரி. அதன் கடைசியில், வானுக்கு அடியில் தாங்கித் தகரம் 'டம்' என்று விம்மியது. எனக்குப் பக்கத்தில் பம்பின் குமிழ் தானாக மேலே எழுந்தது.

ஜவாத் தடியை எடுக்கவே இல்லை. நான் சாவியைத் திருகினேன். எஞ்சின் பிடித்தது.

"மூடிய இறுக்காத, சும்மா வை," என்றேன். மூடி தளர்ந்தபடியே திருகோணமலைவரை போனோம். வழியெல்லாம் டீசல் நாற்றம். வான் ஒரு இடத்திலும் களைக்கவில்லை.

அக்காவின் முறை அன்றும் போய்விட்டிருந்தது. ஆனால் அவரைப் பார்த்ததும் தாதி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். முதலில் ஒட்சிசன் கொடுத்தார்கள். பிறகு, முடிகிற இயந்திரத்தில் அவரை அடுத்ததாகப் போடுவதாகச் சொன்னார்கள். நானும் ஜவாத்தும் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே வானோடு நின்றோம். நின்றோம் என்றால், அவன் நின்றான்; நான் வானின் படியில் இருந்தேன். அவரைப் போட்டாயிற்று என்று தாதி வந்து சொன்ன பிறகுதான் எழுந்துபோய் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அந்த வானுக்கு வைத்தியம் பார்த்த இத்தனை நாளில் அதை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

மூடியின் உட்பக்கம் ஒரு வட்டத் துண்டு பதிந்திருந்தது. பால்மாப் பக்கெட்டில் வெட்டிய தடித்த தாள், வெள்ளிப் பக்கம் உள்ளே.

"இது யார் வைச்சது?"

"நான்தான் அண்ணன்." மூடியின் றப்பர் தேய்ந்துபோய்ப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் டீசல் சிந்தியதாம். வரிசையில் நின்று எடுத்த டீசல். அதோடு அந்த நாற்றத்தில் நோயாளிகள் சத்தி எடுத்தார்கள், செல்வராணி அக்காவுக்குத்தான் ஆகவும் ஏலாது. வீட்டில் முடிந்த பால்மாப் பக்கெட்டை அளவாக வெட்டி வைத்து இறுக்கினானாம். அதன் பிறகு ஒரு சொட்டுச் சிந்தவில்லை, நாற்றமும் இல்லை.

மூடியில் ஒரு சின்னத் துளை இருந்தது, டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கு. தாள் அதை மூடியிருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். வேறு விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவனும் சாரதிதான். முகம் இருண்டுவிட்டது.

"அப்ப நான்தானா அண்ணன் அக்காவை இப்படி..."

"நீ தாள் வைச்சாய். நான் மீற்றர் திருத்தினேன். வா, தேத்தண்ணி குடிப்பம்."

அவன் குடிக்கவில்லை. இருட்டுப்பட அக்காவை வெளியே கொண்டுவந்தார்கள். முகம் வற்றியிருந்தது. மூச்சு இறங்கியிருந்தது. வானில் ஏற்றும்போது, என்ன பழுதாம் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் ஜவாத் சொல்லிவிட்டான், தான் வைத்தது, எதற்காக வைத்தது, எல்லாவற்றையும்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். களைப்பில் நித்திரையாகிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

"சரி தம்பி," என்றார் கடைசியில். "இனி நாத்தத்தோட போவம்."

கோபுரம் ஒன்றும் செய்யவில்லை. வரிசைக் காலத்தில் தாங்கி ஒருநாளும் நிறையவில்லை. உள்ளே காற்று நிறைய இருந்தது, அதனால் தாள் இருந்தும் வான் ஓடியது. டீசல் தாராளமாக வந்து தாங்கியை நிரப்பியதும் உள்ளே காற்றுக்கு இடமில்லை. மூதூரில் நிரப்பினால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, பாலம் தாண்டும்போது தாங்கி டீசலை விடாமல் இழுத்துப் பிடித்துவிடும். வெளிக்காற்று உள்ளே போக வழி இருக்கவில்லை. எஞ்சினுக்கு டீசல் வரவில்லை.